முதலாம் ஆண்டிலேயே இடம் மாறலாமா?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, தனியார் நிறுவனமொன்றில் கணினிப் பட்டப்படிப்பைத் தொடங்கி மூன்று மாதங்களாகின்றன. ஆங்கில விரிவுரைகள் பிடிபடவில்லை. மதியத்தில் தனியாகவே சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறேன். வேறு நிறுவனத்துக்கு மாறட்டுமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: அன்பு மகளே, அந்தச் சோற்றுப் பார்சல்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் ஆங்கிலமும் தனிமையும் நீங்கள் போகுமிடமெல்லாம் கூடவே வரக்கூடியவை. முதலாம் செமஸ்டர் பரீட்சையை எழுதும்வரை பொறுத்திருங்கள். சித்தியடைந்த பாடங்களின் கிரெடிட்டுகளை, அதாவது பட்டத்துக்காகக் கணக்கில் சேரும் பாடப் புள்ளிகளை, ஏற்குமாறு புதிய இடத்தில் கேட்கலாமே தவிர, பாதியில் விட்ட பாடத்துக்குக் கேட்பதற்கு எதுவும் இராது. அதுவரை பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் விரிவுரைக் குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். நட்பு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

பட்டத்தின் அங்கீகாரத்தில் ஐயமிருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அந்நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்பதை, வார்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் நேரில் விசாரியுங்கள். எத்தனை கிரெடிட்டுகளை ஏற்பார்கள் என்பதைப் புதிய நிறுவனம் எழுத்தில் தரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.