15 வருடத்துக்கு மேல் ஆன லேப்டாப்பில் புது ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி இயங்குதளம்) போட முடியுமா? போட்டால் உருப்படியாக ஓடுமா?

முடியும். என்னுடையது 2008-ல் வாங்கியது. கோர் 2 டூவோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. அதற்கு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுபோனது. விண்டோஸ் 11 பக்கம் போகவே வேண்டாம்; 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் என்று கேட்கும். மிச்சம் இருப்பது லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்தான்.

அதை இன்ஸ்டால் செய்யத் தேவையான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு தளமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றே வந்தது. வைஃபையைத் திட்டினேன், பிரவுசரை மாற்றினேன், ஒரு மணி நேரம் போனது. கடைசியில் திரையின் ஓரத்தைப் பார்த்தால் தேதி 2008 ஜனவரி 1! உள்ளே இருக்கும் பொத்தான் சைஸ் பேட்டரி செத்திருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, அப்புறம் எப்படித் திறக்கும்? கீபோர்டைக் கழற்றித்தான் பேட்டரியை மாற்ற வேண்டியிருந்தது. திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. இன்றுவரை அது எங்கே போக வேண்டியது என்று தெரியாது.

பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 32 பிட் என்பதால் பிராசஸரும் அப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள். என்னுடையதில் 64 பிட் பிராசஸர் மேல்தான் 32 பிட் விண்டோஸ் உட்கார்ந்திருந்தது. 64 பிட் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு போதும். நிஜமாகவே 32 பிட் என்றால் மின்ட் கிடையாது, 20-ஆம் பதிப்பிலேயே கைவிட்டுவிட்டார்கள். ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸ் போடலாம்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்யும்போது எம்பிஆர் என்ற பார்டிஷன் முறையைத் தேர்ந்தெடுங்கள், பழைய பயாஸுக்கு (லேப்டாப்பை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) அதுதான். உடனே இன்ஸ்டால் செய்யாமல் லைவ்வில், அதாவது பென்டிரைவிலிருந்தே, ஓடவிட்டு வைஃபை, சவுண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்போது ஆமை வேகத்தில் இருக்கும். அது பென்டிரைவின் வேகம், பயப்பட வேண்டாம். ஃபோட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்த பிறகுதான் டிஸ்கை அழிக்க வேண்டும், இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) லேசானது என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அது வெட்டிச் சண்டை. டெஸ்க்டாப்பில் 200 எம்பி ராம் மிச்சம் பிடித்து என்ன பயன், பிரவுசரில் நாலு டேப் திறந்தால் அத்தனையும் காலி. பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், முடிந்தால் ராமை 4 ஜிபி ஆக்குங்கள். எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆன பூட், எஸ்எஸ்டி போட்டதும் அரை நிமிடத்துக்கு வந்தது. யூடியூப் மட்டும் 480பி-க்கு மேல் போனால் ஃபேன் அலற ஆரம்பிக்கும்.

இன்ஸ்டால் ஓடும்போது சார்ஜரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். இந்த வயதுப் பேட்டரி பாதி வழியிலேயே கையை விரித்துவிடும்.