பழைய கேம் கன்சோலில் படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கோளாறு எங்கே?

கேட்டவரின் நிலைமை இது: எண்பதுகளில் வந்த ஒரு கேம் கன்சோல். ஒரு டிவியில் இணைத்தால் படமும் சத்தமும் ஒழுங்காக வருகின்றன. இன்னொரு டிவியில் படம் மட்டும் வருகிறது. மூன்றாவதில் சத்தத்துக்குப் பதிலாக ஒரே இரைச்சல். கோளாறு கன்சோலிலா, டிவியிலா, கேபிளிலா என்று கேட்டிருக்கிறார்.

ஒரு டிவியிலாவது சத்தம் சுத்தமாக வருகிறது என்றால் கன்சோலின் ஒலிப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே ஸ்க்ரூடிரைவரை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். இப்படிக் கேட்டால் பலரும் எடுத்த எடுப்பிலேயே 'கெப்பாசிட்டரை மாற்றிவிடு' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெப்பாசிட்டர் (பலகையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) கெட்டுப்போவது உண்மைதான், அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, படமும் சத்தமும் எங்கே ஒன்றாகப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை. ஒன்றாகப் போகும் இடத்தில் கோளாறு இருந்தால் படமும் சேர்ந்து கெடும். சத்தம் மட்டும் கெட்டால் அது தனியாகப் போகும் பாதையில்தான் தேட வேண்டும். அந்தப் பாதை, நீங்கள் எந்தக் கேபிளில் இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

டிவியின் ஆன்டெனா ஜாக்கில் இணைக்கும் கன்சோலா? 1977இல் வந்த அட்டாரி 2600, 1983இல் வந்த நின்டெண்டோவின் முதல் ஃபேமிகாம் இரண்டுக்கும் ஆர்எஃப் வழி, அதாவது ஆன்டெனா ஜாக்கில் ரேடியோ அலையாகச் சேரும் வழி, மட்டும்தான். கன்சோலுக்குள் இருக்கும் மாடுலேட்டர் ஒரு குட்டி டிவி நிலையம் மாதிரி வேலை செய்கிறது. படத்தை ஒரு அலையில் ஏற்றி, அதிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி இன்னொரு அலையில் சத்தத்தை ஏற்றி அனுப்புகிறது. அந்தத் தூரம் எல்லா நாட்டிலும் ஒன்று கிடையாது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பயன்பட்ட எம் முறையில் 4.5 மெகாஹெர்ட்ஸ். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பயன்பட்ட பி/ஜி முறையில் 5.5. பிரிட்டன், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் ஐ முறையில் 6.0. சீனாவின் டி/கே முறையில் 6.5.

'ஒரு டிவியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிரிட்டனில் விற்ற கன்சோலை பி/ஜி டிவியில் இணைத்தால் படம் வண்ணத்தோடு அழகாக வரும், ஏனென்றால் இரண்டுக்கும் பிஏஎல் என்ற ஒரே வண்ண முறைதான். ஆனால் டிவி 5.5இல் சத்தத்தைத் தேடுகிறது, கன்சோலோ 6.0இல் அனுப்புகிறது. காதில் விழுவது வெறும் 'ஸ்ஸ்' மட்டும். பல முறைகளையும் ஏற்கும் டிவியாக இருந்தால் அதே கன்சோல் எந்தச் சிக்கலும் இல்லாமல் பாடும். அப்படிப்பட்ட டிவிகளில், சேனலைக் கையால் தேடும் மெனுவுக்குள் 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒரு வரி இருக்கும். பி/ஜி, ஐ, டி/கே, எம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியானது வந்ததும் சத்தம் பளிச்சென்று கேட்கும். தானாகத் தேடும் வசதியை நம்ப வேண்டாம். அது படத்தைப் பிடித்ததுமே வேலை முடிந்ததென்று நின்றுவிடும்.

டிவியில் அந்த வரியே இல்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பல முறைகளை ஏற்கும் பழைய விசிஆர் (வீடியோ கேசட் பெட்டி) ஒன்றை நடுவில் வைப்பது. கன்சோலின் ஆர்எஃப் கேபிளை விசிஆரின் ஆன்டெனா ஜாக்கில் கொடுத்து, அதன் ஏவி ஜாக்குகளிலிருந்து (படமும் ஒலியும் தனித்தனியாக வரும் ஜாக்குகள்) டிவிக்கு எடுத்தால் போதும். டிஜிட்டல் ட்யூனர் மட்டுமே உள்ள புதிய டிவிகளுக்கும் இதே வழி கைகொடுக்கும், அவற்றால் பழைய ஆர்எஃப் சிக்னலைப் படிக்கவே முடியாது. இரண்டாவது வழி, மாடுலேட்டருக்குள் இருக்கும் ஒலிச் சுருளின் திருகைச் சற்றுத் திருப்பி 6.0ஐ 5.5க்குக் கொண்டு வருவது. அதற்குப் பிளாஸ்டிக் கருவிதான் வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டால் அதுவே சுருளின் அளவை மாற்றிவிடும், வெளியே எடுத்ததும் எல்லாம் நகர்ந்திருக்கும். ஃபெரைட் திருகும் எளிதில் உடையும். அனுபவம் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஜப்பானிய ஃபேமிகாமுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அது அனுப்புவது ஜப்பானின் 1 அல்லது 2ஆம் சேனலில், அதாவது 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸில். அமெரிக்க டிவியில் கேபிள் டிவி முறைக்கு மாற்றி 95 அல்லது 96ஆம் சேனலில் வைத்தால் பிடித்துவிடலாம். பிஏஎல் மட்டும் தெரிந்த டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் வந்து சத்தம் வராமல் போனால் கன்சோலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த டிவிக்கு அதன் வண்ண முறையும் புரியவில்லை, ஒலித் தூரமும் புரியவில்லை.

இரைச்சலைப் பற்றி. திரையில் வெள்ளை எழுத்துகள் வரும்போது 'ர்ர்ர்' கூடி, இருட்டுக் காட்சியில் குறைகிறதா? அப்படியென்றால் படம் சத்தத்துக்குள் கசிகிறது. ஆர்எஃப்பில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ட்யூனிங் சற்றே நகர்ந்திருப்பதுதான். 'ஃபைன் ட்யூனிங்'கை மெதுவாக இரண்டு பக்கமும் நகர்த்துங்கள். படம் மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் சத்தம் சுத்தமாக இருக்கும் இடமும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். சத்தத்துக்காகக் கூர்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்த ஆட்டங்களின் இசையில் மூன்று நான்கு குரல்கள்தான் இருக்கும், அதில் ஒன்று இரைச்சலில் மூழ்கினாலும் பாட்டே போய்விடும்.

அடுத்தது மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிள். இங்கே படமும் சத்தமும் கன்சோலை விட்டுக் கிளம்பும்போதே தனித்தனி. ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான என்இஎஸ்ஸின் பக்கவாட்டில் மஞ்சள் ஒன்றும் சிவப்பு ஒன்றும் மட்டும் இருக்கும். அந்தச் சிவப்புதான் அதன் முழுச் சத்தமும், அது மோனோ. நிறத்தைப் பார்த்து டிவியின் சிவப்பில் செருகினால் வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும், சில டிவிகளில் ஒன்றுமே கேட்காது. டிவியின் வெள்ளை ஜாக்கில் செருகுங்கள், அதுதான் மோனோவுக்கான இடம். இரண்டு ஸ்பீக்கரும் கட்டாயம் வேண்டும் என்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போதும். ஒரு வெளியீட்டை இரண்டு உள்ளீடுகளுக்குப் பிரிப்பதில் தப்பில்லை. ஸ்டீரியோ கன்சோலின் இரண்டு வெளியீடுகளை அதே ஒய் கேபிளால் ஒன்றாகக் கட்டுவதுதான் கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று முட்டும். நடுவில் மின்தடையங்கள் (ரெசிஸ்டர்கள்) வைத்துச் சேர்க்க வேண்டும்.

சேகாவின் மெகா டிரைவ் முதல் மாடல் பலரைக் குழப்பும். அதன் பின்புற எட்டு பின் ஜாக்கில் மோனோ ஒலிதான் வருகிறது. ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது மேலே இருக்கும் வால்யூம் தள்ளுகுமிழும் பாதையில் வந்துவிடுகிறது. கரகரப்பு, ஒரு பக்கம் மட்டும் கேட்பது, குமிழை அசைத்தால் சத்தம் வந்து போவது எல்லாம் அதில் சேர்ந்த அழுக்கின் வேலை. கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மேலும் கீழும் பலமுறை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது மாடலில் ஒன்பது பின் ஜாக் வழியாகவே ஸ்டீரியோ வருகிறது. ஆனால் மோனோவை மட்டும் எடுத்து வரும் கேபிள்களும் உண்டு.

ஸ்டீரியோ கன்சோலில் ஒரு பக்கம் அறுந்துபோனால் சத்தம் குறைந்த மாதிரியே தெரியாது. இசை கேட்கும், ஒரு குறிப்பிட்ட வாத்தியமோ குதிக்கும் சத்தமோ மட்டும் காணாமல் போகும். உடனே கேம் சிப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். டிவி முனையில் வெள்ளையையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் மாறிவிட்டால் கேபிளோ கன்சோலோ, மாறாவிட்டால் டிவி. கேபிளைச் சோதிக்க சூப்பர் நின்டெண்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: நின்டெண்டோ 64, கேம்கியூப் இரண்டும் அதே ஏவி கேபிளைத்தான் பயன்படுத்துகின்றன.

புதிய டிவிகளில் மூன்று ஏவி ஜாக்குகளுக்குப் பதிலாக ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும். அதற்கான கன்வர்ட்டர் கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பிளக்கின் எந்த வளையத்தில் படம், எதில் தரை (கிரவுண்ட்) என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தப்பான கேபிள் போட்டால் படச் சிக்னல் ஒலிப் பாதையில் நுழைந்து 'கொர்ர்' என்று முழங்கும். டிவிக்கு அதனால் ஆபத்தில்லை. கன்சோலின் மஞ்சள் முனையைக் கன்வர்ட்டரின் மூன்று நிறங்களிலும் மாறி மாறிச் செருகிப் பாருங்கள். சிவப்பில் செருகியதும் படம் வந்தால் வயர் வரிசைதான் வேறு. எதிலுமே வராவிட்டால் தரையே இடம் மாறியிருக்கிறது, அந்த டிவிக்கென்று வரும் கேபிள்தான் வேண்டும்.

ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டிகளில் சத்தம் வராததற்குப் பெட்டியை விட டிவியின் அமைப்பே பல நேரம் காரணம். சில டிவிகளில் ஒரு ஹெச்டிஎம்ஐ ஜாக்குக்கு 'டிவிஐ' அல்லது 'பிசி' என்று பெயர் வைத்திருந்தால், அதன் ஒலியைத் தனி ஜாக்கில் எதிர்பார்க்கும். பெயரையோ ஜாக்கையோ மாற்றினால் போதும்.

இப்போது, ஒலிக்குத் தனி வெளியீடு இருக்கும் எல்லாக் கன்சோல்களுக்கும் பொதுவான, நான் மிகவும் நம்பும் சோதனை. கன்சோலின் ஒலி வெளியீட்டை டிவியை விட்டுக் கழற்றி, சொந்தமாக மின்சாரம் எடுக்கும் ஏதாவது ஒரு ஸ்பீக்கரின் உள்ளீட்டில் நேராகக் கொடுங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் கன்சோல் குற்றவாளி இல்லை. அப்புறம் அதே கேபிளில், அதே டிவி ஜாக்கில் ஒரு டிவிடி பிளேயரை இணைத்துப் பாருங்கள். இரண்டையும் செய்துவிட்டால் சந்தேகத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

ஃபேமிகாமில் மட்டும் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதன் சத்தம் கன்சோலிலிருந்து நேராக டிவிக்குப் போவதில்லை. கார்ட்ரிட்ஜின் 45ஆம் பின் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய், 46ஆம் பின் வழியாகத் திரும்பி வந்துதான் வெளியேறுகிறது. சில கார்ட்ரிட்ஜ்களுக்குள் கொனாமியின் விஆர்சி6 போன்ற கூடுதல் ஒலிச் சிப்பு இருக்கும். அதன் குரல்களைக் கலப்பதற்காகத்தான் இந்தச் சுற்று வழி. மற்றவற்றில் இரண்டு பின்களும் நேராக இணைந்திருக்கும். அந்த இரண்டு பின்களில் மட்டும் அழுக்கு படிந்தால் ஆட்டம் அப்பழுக்கில்லாமல் ஓடும், சத்தம் மட்டும் அறவே இருக்காது. வேறு கார்ட்ரிட்ஜ் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால், முதல் கார்ட்ரிட்ஜின் பின்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் தீர்ந்தது. சூப்பர் நின்டெண்டோவில், கேம் பாய் ஆட்டங்களை டிவியில் ஓட்டும் சூப்பர் கேம் பாய் கார்ட்ரிட்ஜும் தன் சத்தத்தைக் கார்ட்ரிட்ஜ் பின்கள் வழியாகவே அனுப்புகிறது, அங்கும் இதே வைத்தியம்தான்.

ஏவியிலும் இரைச்சல் தொடர்ந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் அடாப்டர். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்கள் நுண்ணிய இரைச்சலைச் சேர்க்கும். ஆனால் சோதிப்பதற்காகக் கிடைத்த அடாப்டரை எல்லாம் செருகிவிடாதீர்கள். அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. ஃபேமிகாமுக்கும் மெகா டிரைவ் முதல் மாடலுக்கும் வேண்டியது நடுமுனை எதிர்மறையான டிசி. பிளக் பொருந்திவிடும், கன்சோல் போய்விடும். இரண்டாவது, டிவியில் செருகியிருக்கும் கேபிள் டிவி இணைப்பு. அதைக் கழற்றியதும் 'ம்ம்ம்' நின்றால், தரை இணைப்புகள் ஒரு வளையமாகிவிட்டதால் அதில் ஓடும் மின்னோட்டம் அது. அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து, கேபிள் டிவி இணைப்பில் அந்த வளையத்தை அறுக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். மூன்றாவது, ஐரோப்பிய டிவிகளின் பல பின் இணைப்பான ஸ்கார்ட் கேபிள். அதில் படமும் சத்தமும் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. ஒவ்வொரு வயருக்கும் தனிக் கவசம் இல்லாத கேபிளில் படம் சத்தத்துக்குள் கசியும், கவசமுள்ள கேபிளுக்கு மாறினால் வித்தியாசம் உடனே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும், நேரடி ஸ்பீக்கரிலும் சத்தம் மங்கலாகவோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டோ போனால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். 1991இல் வந்த பிசி எஞ்சின் டியோ, கைக்கு அடக்கமான கேம் கியர் இரண்டும் இதற்குப் பேர்போனவை. அவற்றின் கெப்பாசிட்டர்கள் கசிந்து, திரவம் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். முதலில் சத்தம் குறையும், பிறகு நின்றுவிடும். இதைத் தள்ளிப்போட வேண்டாம், அரிப்பு நிற்காமல் பரவும். மாற்றுபவர் பழைய கசிவைச் சுத்தமாகக் கழுவிய பிறகே புதியதை வைக்க வேண்டும். திரையில் பட்டைகள் மெல்ல நகர, கூடவே தாழ்ந்த 'ஹம்' கேட்டால் மின்சாரப் பகுதியின் பெரிய கெப்பாசிட்டர், என்இஎஸ்ஸில் 2200 மைக்ரோஃபாரட் அளவுள்ளது, தளர்ந்திருக்கும். பழைய குழாய் டிவியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது 'சத்தம் வரல' என்று மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாடல், ஆர்எஃப்பா ஏவியா, எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் அப்படித்தானா, நேரடி ஸ்பீக்கரில் கேட்டதா, இரைச்சல் திரையின் வெளிச்சத்தோடு சேர்ந்து மாறுகிறதா. இவை தெரிந்தால் பலகையில் எந்த மூலையில் தேடுவது என்பது அவருக்குத் தெரிந்துவிடும், தேவையில்லாத இடங்களில் சால்டரிங் இரும்பை வைக்க மாட்டார்.