சத்தம் எப்போது வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் சத்தம் பற்றி வந்த கேள்விகள் இம்முறை. கேள்வி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். "ஒரு மாதிரி சத்தம்" என்று எழுதினால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. எஞ்சின் குளிராக இருக்கும்போதா, சூட்டிலா? ஏற்றத்தில் இழுக்கும்போதா, இறக்கத்தில் எக்ஸிலேட்டரை விட்டபிறகா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? இந்த மூன்றையும் எழுதுங்கள். சமதரையில் உள்ளவர்கள் எஞ்சினுக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வழி தேட வேண்டும். மலைநாட்டில் இருக்கும் நமக்கு வீட்டு வாசலிலேயே ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன.

*

கேள்வி: என்னுடையது ஹோண்டா எம்.டி. 90. காலையில் உதைத்து ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று அடித்தது, சூடான பிறகும் நிற்கவில்லை. கராஜில் டெபட்டை (வால்வைத் திறக்கும் ரொக்கர் கையின் முனையில் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூ) இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் சுத்தமாகப் போனது. ஆனால் இரண்டு நாளில் ஏற்றத்தில் இழுவை குறைந்து, இப்போது சூட்டில் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கிறது. – தலவாக்கலை வாசகர்

பதில்: அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார்கள். டெபட் கொஞ்சம் சத்தம் போட்டால் பயமில்லை, சத்தமே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். டெபட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக உட்காராது. எரியும் வாயு ஓரத்தால் கசியும், இழுவை குறையும். வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது அது உட்காரும் சீட்டில்தான். அங்கே உட்கார முடியாவிட்டால் சூடு இறங்க வழியில்லாமல் எக்ஸோஸ்ட் வால்வின் விளிம்பு கருகிவிடும். ஆகவே சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம்.

இந்த வகை எஞ்சினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர் இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில். குளிர்ந்தது என்றால் இரவு முழுக்க நின்றது. கடைக்குப் போய் வந்து அரை மணி நேரம் நிறுத்தியது கணக்கில் வராது.

பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் லேசாகச் சுழலும். இடது பக்கத்து மெக்னட் (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) மூடியைத் திறந்து, நட்டில் ஸ்பெனர் போட்டு, இடப்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள். மெக்னட்டில் உள்ள "டி" கோடு எஞ்சின் உடலில் உள்ள அடையாளத்தோடு நேராக வந்ததும் நிறுத்தி, இரண்டு டெபட்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். உங்களுடையது இப்போது இறுகியிருப்பதால் ஆட்டம் தெரியாமல் போகலாம். அதனால் முதலில் இரண்டு லொக் நட்டையும் தளர்த்தி, டெபட் ஸ்க்ரூவை அரைச் சுற்று பின்னே எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஆடினால் சரியான இடம். ஒன்று மட்டும் இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இடைவெளி அளக்கும் 0.05 பீலர் கேஜ் தகடு லேசான உராய்வோடு இழுபட வேண்டும். லொக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். அங்கேதான் பலருக்குப் பிழைக்கிறது. இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டைப் போட்டுப் பார்க்காவிட்டால் முதல் அளந்ததெல்லாம் வீண். இந்த எஞ்சினில் சிலிண்டர் படுத்திருப்பதால் கீழ் டெபட் மூடியைத் திறந்தால் ஒயில் வடியும். பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியாக இருந்தும் "டிக் டிக்" நிற்காவிட்டால் டெபட் ஸ்க்ரூவின் முனையைப் பாருங்கள். வால்வுத் தண்டு அடித்து அடித்து அங்கே குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு குழியின் இரு விளிம்பிலும் பாலம் போல நிற்கும். நீங்கள் 0.05 என்று அளப்பீர்கள், உள்ளே இருப்பது அதைவிடக் கூடுதல். அதற்கு ஸ்க்ரூவை மாற்றத்தான் வேண்டும்.

டெபட்டைச் சரிசெய்தும் இழுவை திரும்பாவிட்டால் வால்வு கருகியிருக்கலாம். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் ஊற்றி கம்ப்ரஷன் கூடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். கூடினால் பிஸ்டன் றிங், கூடாவிட்டால் வால்வு என்பார்கள். நிமிர்ந்த சிலிண்டருக்கு அது பொருந்தும். படுத்த சிலிண்டரில் ஒயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும், முடிவை நம்ப முடியாது. ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எக்ஸோஸ்ட் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கட் கசிந்தாலும் இதே "டிக் டிக்" தான் கேட்கும். அந்த மூட்டைச் சுற்றிக் கரும்புகை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கேஸ்கட்டோடு முடிகிற வேலைக்கு ஹெட்டைத் திறக்க வேண்டாமே.

*

கேள்வி: பஜாஜ் சீடி 100. நுவரெலியாவில் பெற்றோல் அதிகம் குடிக்கிறது, பிளக் கறுக்கிறது என்று கராஜில் சொன்னேன். சிறிய மெயின் ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் துளை) போட்டார்கள், நன்றாக ஓடியது. போன மாதம் கொழும்பு போய்த் திரும்பும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் தகரப் பேணியில் கூழாங்கல் குலுக்கியது போல "கிண கிண" சத்தம். நான்காம் கியரில்தான் வருகிறது. – நுவரெலியா வாசகர்

பதில்: சத்தத்தை நன்றாக வர்ணித்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது. இது எந்தப் பாகமும் தேய்ந்து வரும் சத்தமல்ல. சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை பிளக் தீயை ஒழுங்காகப் பின்தொடராமல், ஒரு மூலையில் தானாக வெடிப்பதால் வருவது. தொடர்ந்து விட்டால் பிஸ்டன் தலை அரிபடும், றிங் இடைச் சுவர் உடையும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்த இடத்தில் அதே ஜெட் அதே பெற்றோலை விடுவதால் கலவை கொழுத்து, பிளக் கறுக்கிறது. ஜெட்டைச் சிறிதாக்கியது மேலே இருக்கும்வரை சரி. கீழே இறங்கினால் காற்று அடர்த்தி கூடுகிறது. சிறிய ஜெட் கொடுக்கும் பெற்றோல் போதாது, கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுகிறது. போதாததற்கு முன்பு கொழுத்த கலவையில் ஓடியபோது படிந்த கரி இன்னும் பிஸ்டன் தலையில் இருக்கும். அது அறையின் இடத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும், கனன்றுகொண்டும் இருக்கும். அந்த நிலையில் நான்காம் கியரில் குறைந்த சுற்றில் ஏறினால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

உடனே செய்ய வேண்டியது, சத்தம் கேட்டதும் ஒரு கியர் இறக்குவது. எஞ்சின் சுற்று கூடினால் நின்றுவிடும். மாதம் ஒருமுறையாவது கீழே போய் வருபவர் என்றால் கம்பனி அளவு ஜெட்டையே திரும்பப் போடுங்கள். மேலே கொஞ்சம் பெற்றோல் கூடப் போகும், அது பிஸ்டனைவிட மலிவு. எயார் ஸ்க்ரூவைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கிலும் எக்ஸிலேட்டரின் முதல் கால் பங்கிலும்தான். ஏற்றத்தில் முழுக்க முறுக்கும்போது பேசுவது மெயின் ஜெட்.

ஜெட் மாற்றியும் சத்தம் போகாவிட்டால் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். மரக்குச்சியோ அலுமினியத் துண்டோ பாவியுங்கள். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும், அடுத்த கரி அந்தக் கீறலில்தான் பிடிக்கும். ஹெட் கேஸ்கட் புதிதாகவே போட வேண்டும். அதன் பிறகும் இருந்தால் இக்னிஷன் டைமிங், பிளக்கின் சூட்டு எண், இரண்டையும் பாருங்கள். 95 ஒக்டேன் அடித்தால் சத்தம் அமுங்கலாம். காரணம் அப்படியே இருக்கும்.

*

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது வலப்பக்கத்தில் "கட கட" சத்தம். கிளட்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. – பண்டாரவளை வாசகர்

பதில்: முதலில் ஐட்லிங்கைப் பாருங்கள். குறைந்த சுற்றில் எஞ்சின் தள்ளாடும்போது கிளட்ச் கூடையும் (பிளேட்டுகளைத் தாங்கும் உறை) அதன் பின்னுள்ள ஸ்பிரிங்குகளும் ஆடிச் சத்தம் போடும். நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்றுக்கு ஏற்றியதும் போய்விட்டால் கிளட்சைத் திறக்க வேண்டியதில்லை. போகாவிட்டால் கூடையின் விரல்களில் பிளேட் அடித்த பள்ளங்கள் இருக்கும், அல்லது கியர்பொக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் பெயாரிங். கிளட்சைப் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சைத் தள்ளும் சிறிய பெயாரிங்தான் குற்றவாளி.

*

கேள்வி: ஹோண்டா சீடி 125 பென்லி, இரட்டைச் சிலிண்டர். ஒயில் குறைந்தது தெரியாமல் ஓட்டிவிட்டேன். இப்போது ஏற்றத்தில் முறுக்கினால் அடியிலிருந்து கனத்த "டொக் டொக்". எக்ஸிலேட்டரை விட்டால் குறைகிறது. டெபட் என்கிறார்கள். – பதுளை வாசகர்

பதில்: டெபட் அல்ல. டெபட் மெலிந்த சத்தம், தலைப்பக்கம் கேட்கும், சுமைக்கு அவ்வளவாக மாறாது. கனத்து, அடியிலிருந்து, சுமையோடு கூடும் சத்தம் என்றால், பிஸ்டனைக் கிரேங் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் கீழ் பெயாரிங் என்று சந்தேகியுங்கள். வீடுவரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ரொட் உடைந்தால் எஞ்சினின் அடி உறையான கிரேங் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். லொறியில் ஏற்றுங்கள்.

ஸ்டான்டில் நிறுத்தி, ஐட்லிங்கில், நீண்ட ஸ்க்ரூ ட்ரைவரின் முனையைச் சிலிண்டர் அடியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் பிடித்துக் கேளுங்கள். எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பக்கத்து பிளக் தொப்பியைக் கழற்றி, அதில் வேறு பிளக் ஒன்றைச் செருகி எஞ்சின் உலோகத்தில் படவைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா தொங்கவிட்டால் இக்னிஷன் கொயில் கெடும். சத்தம் அமுங்கினால் நீங்கள் நிறுத்திய அந்தச் சிலிண்டர்தான்.

பிறகு ஒயிலை மெல்லிய துணியில் வடித்து, காந்தத்தைக் காட்டுங்கள். சாம்பல் நிறக் குழம்பு காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம், பிஸ்டன் பக்கத்துத் தேய்வு. பளபளக்கும் செதில்கள் ஒட்டினால் பெயாரிங் உருக்கு. சிலிண்டரைக் கழற்றியபின் ரொட்டை மேலே கொண்டுவந்து மேலும் கீழும் இழுங்கள். ஆட்டம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு, அதைக் காட்டி யாராவது உங்களிடம் கிரேங் விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

ரொட் கிட் மாற்ற கிரேங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். சுத்தியலால் செய்யும் கராஜுக்குக் கொடுக்காதீர்கள். ஒயில் வலையையும் வழிகளையும் கழுவாமல் பூட்டினால் பழைய செதில்களே புது பெயாரிங்கைத் தின்றுவிடும்.

*

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100. றம்பொடை இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க எக்ஸிலேட்டரை மூடி கியரிலேயே விட்டு வருவேன். இப்போது மேலிருந்து "சில் சில்" என்கிறது. – புசல்லாவை வாசகர்

பதில்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இந்தப் பழக்கம் விஷம். உங்கள் பைக்கின் ஒயில் பம்ப் எக்ஸிலேட்டர் கேபிளோடு சேர்ந்து வேலை செய்வது. மூடினால் ஒயில் குறையும், ஆனால் இறக்கத்தில் எஞ்சின் வேகமாகவே சுழன்றுகொண்டிருக்கும். பிஸ்டன் பின்னின் ஊசி பெயாரிங்தான் முதலில் காயும். அதையும் பின்னையும் சேர்த்து மாற்றுங்கள், பம்ப் கேபிளின் அடையாளக் கோட்டையும் சரிபாருங்கள். இறக்கத்தில் சில வினாடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கி விடுங்கள். நியூட்ரலில் விடாதீர்கள், அங்கே பிரேக் மட்டும் போதாது.