பெரியப்பா சொல்லும் 200 வருஷமும் நாற்காலியின் அடிப்பக்கமும்

கேள்வி: காரைக்குடியில் ஐயா வீட்டுப் பாகப்பிரிவினையில் நான்கு வளைமர நாற்காலிகள் என் பங்குக்கு வந்தன. பிரம்பு இருக்கை. “பர்மா தேக்கு, 200 வருஷப் பழசு” என்கிறார் பெரியப்பா. ஒன்றின் அடியில் கிழிந்த காகித லேபிள். ஆங்கில எழுத்தில் ‘கோன்’, ‘வீன்’ என்று தெரிகிறது. இழைத்துப் பாலிஷ் போடலாமா?

பதில்: உப்புத்தாளைத் தொடாதீர்கள். அந்த லேபிள் போனால் நாற்காலியின் ஜாதகமே போனமாதிரி.

‘வீன்’ என்பது வியன்னாவின் ஜெர்மன் பெயர். மரத்தை ஆவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தவர் மிக்கேல் தோனெட். அவருடைய புகழ்பெற்ற 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. ஆறு மரத்துண்டு, பத்து திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். கப்பலேற்றத் தோதான சரக்கு. 1869-இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்கள் இறங்கினார்கள். அதில் பெரிய ஆள் ஜேக்கப் அண்ட் ஜோசப் கோன். 1914-இல் அந்த நிறுவனம் முண்டுஸ் என்ற இன்னொரு வளைமர நாற்காலி நிறுவனத்துடன் இணைந்தது. லேபிளில் கோன் மட்டும் இருந்து முண்டுஸ் இல்லையென்றால், உங்கள் நாற்காலி பெரும்பாலும் 1869-க்கும் 1914-க்கும் நடுவில் செய்தது. 200 வருஷத்துக்கு வழியே இல்லை. கிழிந்த பகுதியில் என்ன இருந்தது என்பதுதான் சிக்கல். எனவே இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்; மரத்தில் அழுத்திய முத்திரை நிழலில் எழும்பித் தெரியும். எங்காவது ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் அது 1918-க்குப் பிந்தியது, ஏனென்றால் அதற்கு முன் அப்படியொரு நாடே கிடையாது.

இனி தேக்கு. இந்த வியன்னா நாற்காலிகள் பீச் (beech) என்ற ஐரோப்பிய மரம். பாலிஷ் ஏறாத அடிப்பக்கத்தில் வெளிறிய மரமும், எள்ளைத் தூவியதுபோலப் பழுப்புக் கீற்றுகளும் தெரிந்தால் பீச். முதுகு வளைவில் ரேகையைத் தொடருங்கள். வளைத்த மரத்தில் ரேகையும் கூடவே வளைந்து போகும். நம்மூர் ஆசாரி தேக்குப் பலகையில் அறுத்தெடுத்த வளைவென்றால் ரேகை பாதியில் ஓரத்தில் போய் முட்டும், இடையில் ஒட்டும் இருக்கும். அதுவும் மட்டமில்லை; ஆனால் வேறு சரக்கு.

நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். பழைய வீடுகளில் உடைந்ததற்குப் பதிலாக வேறொன்று வந்து ஜோடி சேர்வது சகஜம். தலையில் கூட்டல் குறி வெட்டுள்ள ஸ்டார் திருகு 1930-களின் நடுவில் வந்தது. ஒரு திருகு அப்படி இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள், எல்லாமே அப்படி என்றால் சந்தேகப்படுங்கள். பிரம்பை வைத்து வயசு சொல்ல முடியாது, எத்தனை முறை பின்னியிருப்பார்களோ!

பாலிஷுக்கு இப்போது அவசரமில்லை. உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், லேபிளில் ஈரம் படக்கூடாது. பிரம்பு தொய்ந்திருந்தால் அதை மட்டும் பின்னக் கொடுங்கள். கொடுக்கும் முன் லேபிளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.