முழங்கால் வலியோடு நெருடோவா தெரு: ஏறுவதா, இறங்குவதா?

கேள்வி: செப்டம்பரில் அம்மாவுடன் பிராக் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் நடந்துவிடுவார். கோட்டைக்கு ஏறும் நெருடோவா தெருவைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். “22ஆம் நம்பர் டிராமில் மேலே போய், நடந்து இறங்குங்கள், சிரமமே இருக்காது” என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மூச்சு வாங்குகிறவர்களுக்கு அது நல்ல யோசனை. முழங்கால் வலிக்காரர்களுக்கு நேர்மாறு. ஏற்றத்தில் தொடையும் மூச்சும் பாடுபடும். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு முன்னால் சரியாதபடி முழங்கால்தான் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதிலும் கல் பாவிய தெருவில் கால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இல்லையென்றால் நடந்து ஏறி, டிராமில் இறங்குங்கள். கிளம்புமுன் மூட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்தி என்ற சதுக்கத்தின் டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் தெரு பக்கத்திலேயே தொடங்குகிறது. நீளம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் விடாத ஏற்றம். வழியில் பெஞ்ச் இருக்கும் என்று நம்பாதீர்கள். சதுக்கத்திலேயே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, கழிப்பறை வேலையையும் முடித்துவிட்டுப் புறப்படுவது புத்திசாலித்தனம்.

நின்று நின்று ஏற இந்தத் தெருவைப் போல வசதியான இடம் கிடையாது, நிற்கிற இடத்திலெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும். 1770இல் கதவிலக்கம் வரும்வரை வீடுகளுக்கு அடையாளம் வாசலுக்கு மேலிருந்த சின்னங்கள்தான். ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இரண்டு பலகைகள் தொங்கும். சிவப்பு, அந்தப் பகுதியின் பழைய பதிவு எண். நீலம்தான் தெரு வரிசை எண், அதைப் பாருங்கள். 5ஆம் எண் மோர்ஸின் மாளிகை, இன்று ருமேனியத் தூதரகம். பால்கனியைத் தாங்கி நிற்கும் இரண்டு மூர் (வட ஆப்பிரிக்கர்) சிலைகள் 1714இல் சிற்பி பிரோகோஃப் செதுக்கியவை. 12ஆம் எண்ணில் மூன்று வயலின்கள், வயலின் செய்யும் குடும்பம் வாழ்ந்த வீடு. 20இல் இத்தாலியத் தூதரகம், வாசலில் சிறகு விரித்த இரண்டு கல் கழுகுகள். 34இல் தங்க லாடம். உச்சிக்குப் பக்கத்தில் 47, இரண்டு சூரியன்கள்: தெருவுக்குப் பெயர் தந்த செக் எழுத்தாளர் யான் நெருடா இங்கே வாழ்ந்தார். (பாப்லோ நெருடா அல்ல, இவர் 1891இலேயே காலமானவர்.) நடுவில் “பழைய செக் பலகாரம்” என்று விற்கும், மாவைக் கம்பியில் சுற்றிச் சுட்ட இனிப்பான டிர்டெல்னிக்குக்காக நிற்க வேண்டியதில்லை. அது சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த சரக்கு.

நடைபாதையில் பதித்திருப்பவை பகடைக்காய் போன்ற சிறு கற்கள். பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து மேல்பரப்பு வழவழவென்றாகிவிட்டது, தூறல் போட்டாலே வழுக்கும். இடுக்குகளில் ஊன்றுகோலின் முனை சிக்கும். அகலமான புது ரப்பர் முனை மாட்டி, கோலை இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்க் கை என்பதுதான் கணக்கு. பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். மெல்லிய செருப்பு வேண்டவே வேண்டாம். குதிகாலைப் பிடித்து நிறுத்தும், தடித்த ரப்பர் அடியுள்ள ஷூ போடட்டும். புடவையென்றால் கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு.

தெருவின் உச்சியில் வலப்புறம் கூர்மையாகத் திரும்பும் கே ஹ்ராது சரிவில் ஏறினால் கோட்டைச் சதுக்கம். படிக்கட்டுக் குறுக்குவழிகளைத் தொடாதீர்கள். சதுக்கத்திலிருந்து முற்றங்கள் வழியாக வடக்கு வாயிலுக்குப் போய், பிராஷ்னி மோஸ்ட் பாலத்தைத் தாண்டினால் “பிராஷ்ஸ்கி ஹ்ராத்” டிராம் நிறுத்தம். ஏறக்குறைய சமதளம்தான். அங்கே 22 பிடித்தால் அதே மலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்தியில் இறங்கலாம். 23ஆம் நம்பரில் ஓடுவது டி3 என்ற பழைய ரக டிராம் வண்டி, படிகள் உயரம், அம்மாவுக்கு ஆகாது. தாழ்தள வண்டிக்கு நேர அட்டவணையில் சக்கர நாற்காலிச் சின்னம் இருக்கும். காகித டிக்கெட் என்றால் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. 22இல் ஜேப்படிக்காரர்கள் அதிகம், கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

காலை ஒன்பதுக்குள் ஏறத் தொடங்கிவிட்டால் சுற்றுலாக் குழுக்கள் வந்து நெருக்குமுன் மேலே போய்விடலாம். அன்று மழை என்றால் முழுத் தெருவும் வேண்டாம். மூர் சிலைகளும் வயலின்களும் அடிவாரத்திலேயே இருக்கின்றன. 12ஆம் எண் வரை போய், அம்மா உங்கள் கையைப் பிடித்தபடி திரும்பட்டும். கோட்டையை டிராமிலேயே போய்ப் பாருங்கள்.