ஆறு மாதம் ஜெர்மனி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஏழாவது செமஸ்டரை அங்கே போய்ப் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே கட்டும் ஃபீஸைக் கட்டினால் போதும். டிக்கெட், வாடகை, சாப்பாடு எல்லாம் எங்கள் செலவு. நகையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. "பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஆறு மாசம் ஊர் சுத்திப் பாக்க இவ்வளவு பணமா?" என்கிறார் அம்மான். அப்பத்தாதான் ஆச்சரியப்படுத்திவிட்டார். "நம்ம ஆளுக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போகலையா? இவ போனா என்ன?" என்று ஒரே போடாகப் போட்டார். நானும் வகுப்பில் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரே ஒரு செமஸ்டரில் உண்மையிலேயே என்ன கிடைக்கும்? பிளேஸ்மென்ட் சமயத்தில் ஊரில் இல்லாவிட்டால் நஷ்டமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழிக்கு,

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொன்ன உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது. வகுப்பில் அதைச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்தப் போன செட்டிநாட்டு நகரத்தார் சம்பாதிக்கப் போனார்கள். மீசை முளைக்காத வயதில் கடையில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாகி, மூன்று வருடக் கணக்கை முடித்து ஊர் திரும்புவார்கள். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினால் அங்கே கிட்டங்கி, அதாவது கடைக்காரர்கள் சேர்ந்து தங்கித் தொழில் செய்யும் பொதுக் கட்டடம், தயாராக இருக்கும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள். ஒரு கடைக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அதுவே ஆபீஸ். கணக்கை மூடி மேசையை ஒதுக்கினால் இரவில் அதுவே படுக்கை. சமையல் பொது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் இளையாத்தங்குடிக்காரரோ மாத்தூர்க்காரரோ, எப்படியும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்.

நீங்கள் பணம் கொடுத்துப் போகிறீர்கள், தனியாக. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் மனைவிமாரான ஆச்சிகள் முகப்பும் வளவுமாக நீண்டு கிடந்த வீட்டில், மூன்று வருடம் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். ஆகவே நீங்கள் போவது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இல்லை, புதுசு. அப்பத்தாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அம்மான் வாயை அடைக்க அப்படிப் பேசியிருக்கிறார் என்பது என் ஊகம்.

உதாரணம் வேண்டுமென்றால் அழகப்பச் செட்டியார் இருக்கிறார். லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனவர், போன இடத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியவர் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நீங்கள் 300 ஏக்கர் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மான் கேட்பதற்கு வருகிறேன். பட்டம் கிடைக்காது என்பது சரிதான். இந்த ஏற்பாடே அதற்கானது இல்லை. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவர்கள் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்து திரும்பிய ரேமண்ட் கர்க்பிரைட் என்ற இளம் பேராசிரியரின் யோசனை அது. படிப்பு அங்கே, பட்டம் இங்கே. 1987இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியபோதும் அடிப்படை அதுதான். முதல் வருடம் போனவர்கள் 3,244 பேர். உங்கள் கல்லூரி செய்திருப்பதும் அந்த வகை ஒப்பந்தம்தான்.

சரி, என்னதான் கிடைக்கும்? நம் கல்லூரிகளில் 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. இன்டர்னல் மார்க், அசைன்மென்ட், மாடல் எக்ஸாம் என்று யாராவது பின்னாலேயே விரட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது. நீங்கள் வந்தீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரே பரீட்சை, சில பாடங்களுக்குப் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்மொழியாக. பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பரீட்சைக்கும் நீங்களே இணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். கெடு முடிந்துவிட்டால் முடிந்ததுதான். எச்.ஓ.டி.யைப் பார்த்துக் கெஞ்சி ஃபைன் கட்டுகிற வேலையெல்லாம் நடக்காது. இருபது வயதில், யாரும் விரட்டாமல் தானே படிக்க முடியுமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். செலவழிக்கிற பணத்துக்கு அது போதும் என்பேன். (மதிப்பெண் முறையை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே 1 தான் உச்சம், 4 பாஸ், 5 ஃபெயில். 1.3 வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னால் அப்பா அன்று சாப்பிடமாட்டார்.)

இனி எனக்குக் கவலை தருகிற விஷயம். போவதற்கு முன் எந்தெந்தப் பாடம் அங்கே படிக்கப்போகிறீர்கள், அவை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஓர் ஒப்பந்தத் தாள் போடுவார்கள். நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் அதில் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். நம் பக்கம் "போயிட்டு வாம்மா, வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி எழுதும் நிலை வரலாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தோடு கைக்கு வராத வாக்குறுதியை நம்பாதீர்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். அவர்களுடைய குளிர்கால செமஸ்டரில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை போகும். பரீட்சைகள் மார்ச் வரைகூட இழுக்கும். அதற்குள் இங்கே எட்டாவது செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். புராஜெக்ட்டை அங்கிருந்தே தொடங்க அனுமதி உண்டா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிளேஸ்மென்ட் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிற கம்பெனிகளுக்கு நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள். பிறகு வருகிற சில கைநழுவும். நழுவட்டும்.

பணம். ஜெர்மன் விசாவுக்கு 2025 கணக்குப்படி மாதம் 992 யூரோ காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் யூரோ, நம் பணத்தில் ஆறு லட்சத்தை ஒட்டி வரும். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். இதற்கென்றே வங்கியில் முடக்கிவைக்கும் கணக்கிலிருந்து மாதாமாதம் உங்களுக்கே வரும். எராஸ்மஸ் உதவித்தொகை உங்கள் ஒப்பந்தத்தில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நகையை வங்கியில் வைத்தால் சரி. வெளியே வட்டிக்கு வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றால் போகாதீர்கள். வட்டிக் கணக்கை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

போனால் அங்கே இன்னொரு கிட்டங்கி போட்டுவிடாதீர்கள். நாலு தமிழ்ப் பிள்ளைகள், ஒரு குக்கர், ஒரு வாட்ஸ்அப் குழு என்று ஆறு மாதமும் ஓடிவிடும். அந்தக் காலத்துக் கிட்டங்கிக்குக் காரணம் இருந்தது. அன்றைய வட்டி விகிதமும் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற தகவலும் அந்தக் கூடத்தில்தான் கிடைத்தன. உங்களுக்கு வேண்டியது வெளியே இருக்கிறது. சாம்பார் வைத்துக்கொள்ளுங்கள், அதை யார் வேண்டாம் என்றது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பருப்பைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலையை இப்போதே தொடங்கலாம். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வீட்டுக்காரரும் ஊர் அலுவலகமும் அனுப்புகிற கடிதங்கள் ஜெர்மனில்தான் வரும். அதற்கும் முன்னால் அந்த மூன்று கையெழுத்து. டிக்கெட் அப்புறம்.