எந்த வளம் குன்றவில்லை?

அன்புள்ள ஐயா,

பின்லாந்தில் ஔலு நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஜூலையில் குடும்பத்தோடு காரில் வடகோடியில் இருக்கும் இனாரி வரை போய்வந்தோம். 500 கிலோமீட்டருக்கு மேல் சாலையின் இரண்டு பக்கமும் மரம்தான். "இங்கே வருஷத்துக்கு 10 கோடி கன மீட்டர் மரம் வளர்கிறது, வெட்டுவது ஏழரைக் கோடிதான். வட்டியைத்தான் செலவு செய்கிறோம், அசலில் கை வைப்பதில்லை" என்பார் என் அலுவலக நண்பர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் இனாரியில் பனிமான் வளர்க்கும் ஒருவரிடம் காட்டைப் புகழ்ந்தபோது, "நீங்கள் பார்த்தது மரம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். கணக்கு சரியாக இருக்கும்போது இவர்களுக்கு என்ன குறை?

ஒரு வாசகர், ஔலு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏழரைக் கோடி என்பது வெட்டி வெளியே கொண்டுபோகும் மரம் மட்டும். வெட்டிய இடத்திலேயே கிடக்கும் துண்டு துணுக்கு, தானாகச் செத்து விழும் மரம் இரண்டையும் சேர்த்தால் 9 கோடியைத் தாண்டிவிடும். மிச்சம் அவர் நினைப்பதைவிடக் குறைவு. போதாததற்கு, மரங்கள் வளரும் வேகமும் முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்திருக்கிறது. 2021இல் பின்லாந்தின் நிலப் பயன்பாட்டுத் துறை (காடு, விளைநிலம், சதுப்பு எல்லாம் சேர்ந்தது) முதல் தடவையாக, உறிஞ்சிய கரியமில வாயுவைவிட அதிகமாக வெளியே விட்டதாக அரசுப் புள்ளிவிவரமே சொன்னது. வெட்டு கூடியது, வளர்ச்சி தளர்ந்தது, வடிகால் வெட்டிய சதுப்பு மண் வெளியேற்றுவது எல்லாம் அதில் சேர்த்தி.

ஆனால் இனாரிக்காரர் பேச்சை மாற்றியது இதனால் இல்லை. இந்த ஓட்டையை அடைத்துவிட்டாலும் அவருடைய குறை அப்படியே இருக்கும்.

நீங்கள் போனது ஜூலையில். அந்த மாதத்தில் பனிமானுக்குப் புல்லும் இலையும் தாராளம். சில வருடங்களுக்கு முன் நான் போனது மார்ச்சில். ஒரு மேய்ப்பர் என்னைக் காட்டுக்குள் அழைத்துப்போய் ஒரு கம்பைப் பனியில் குத்தச் சொன்னார். மேலே மாவு மாதிரி இறங்கியது. ஒரு சாண் போனதும் 'டக்' என்று நின்றுவிட்டது. நடுக்குளிரில் ஒருநாள் மழை பெய்து உறைந்த ஐஸ் தட்டு அது. அதற்கும் கீழேதான் மானின் சாப்பாடு: லைக்கன். செட்டிநாட்டுக் கறிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான். அங்கே தரையில் வளர்வது வெளுத்த பஞ்சு மாதிரி இருக்கும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பனிக்கு அடியில் இருப்பதை மான் மோப்பம் பிடித்துக் குளம்பால் தோண்டித் தின்னும். ஐஸ் தட்டைத் தோண்ட அதனால் முடியாது.

அப்புறம் அவர் ஒரு கிழட்டு மரத்தின் கிளையைக் காட்டினார். சிக்கெடுக்காத முடி மாதிரி, கறுப்பாக ஏதோ தொங்கியது. கையில் எடுத்தால் ஒரு கொத்துக்கு எடையே இல்லை. அதுவும் லைக்கன்தான், பின்னிஷில் லுப்போ என்கிறார்கள். தரை பூட்டிக்கொண்ட வருடங்களில் மந்தையைக் காப்பாற்றுவது இதுதான். வயதான மரங்களில்தான் இது நிறையப் பிடிக்கும். மொட்டையாக வெட்டிய இடத்தில் கன்று நட்டால் 30 வருடத்தில் உங்கள் கார் ஜன்னலுக்கு அது காடாகத் தெரியும். கணக்கெடுப்பவருக்கும் அது காடுதான், அதுவும் நன்றாக வளர்கிற காடு. மானுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இனாரி போன்ற வடகோடியில் பைன் முற்றவே 150 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் குவோஹ்துன் என்று ஒரு சொல் உண்டு. மேய்ச்சலையும், அதன்மேல் கிடக்கும் பனி மானை மேயவிடுகிறதா என்பதையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதைக் கன மீட்டரில் எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில் 'சஸ்டெயினபிள்' என்பதை 'வளங்குன்றா' என்று நாம் அழகாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். எந்த வளம் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. இந்த எண்ணத்தை 1713இல் புத்தகமாக எழுதிய கார்லோவிட்ஸ், இன்றைய ஜெர்மனியில் இருந்த சாக்சனி நாட்டுச் சுரங்க நிர்வாகி. வெள்ளி உருக்கும் உலைக்கு விறகு தீராமல் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை. உலைக்கு அந்தக் கணக்கு போதும்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். மான்களின் எண்ணிக்கை அதிகம், லைக்கனைத் தின்று தீர்ப்பது அவைதான் என்று வனத்துறை ஆட்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனால்தான் நாடு முழுவதற்கும் 2,03,700 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மரம் வெட்டுபவரும் வெளியூர்க்காரர் இல்லை; கடனில் இயந்திரம் வாங்கி அதே ஊரில் குடியிருப்பவர். 2005இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு மரம் வெட்டுவதை எதிர்த்து இனாரியில் கூடாரம் போட்டபோது எதிரிலேயே போட்டி முகாம் அடித்தவர்கள் உள்ளூர் மரவெட்டுக்காரர்கள்தான். ஒரே கடையில் ரொட்டி வாங்குபவர்களுக்குள் நடக்கும் சண்டை இது. எனக்கு அந்த இயந்திரக்காரர்மேல் கோபம் வரவில்லை. நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்வது அரசின் வன நிறுவனமான மெட்சாஹல்லிதுஸ். கோபப்படுவதென்றால் அங்கேதான் படவேண்டும்.

மேய்ப்பர்கள் சும்மா இருக்கவும் இல்லை. எண்பதுகளின் கடைசியில் கெஸ்ஸி வனப்பகுதியில் நடந்த போராட்டத்தின் பலன்தான் 1991இன் வனாந்தரச் சட்டம். அதில் பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் 12 பகுதிகள் ஒதுக்கப்பட்டன. பிறகு இனாரியில் அங்கேலி என்ற கிராமத்துப் பக்கம் மரவெட்டை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 1996இல் வந்த முடிவு அவர்களுக்குத் தோல்வி: இந்த அளவு வெட்டு உரிமையைப் பறித்ததாகாது என்றது குழு. ஆனால் கூடவே ஒன்றைச் சொல்லி வைத்தது. தனித்தனியாகப் பார்த்தால் பாதகமில்லாத வேலைகள்கூட, ஒன்றாகச் சேரும்போது உரிமையை அரித்துவிடலாம். மேய்ப்பர்கள் அன்றிலிருந்து அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 100 ஹெக்டேர் என்றால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. 40 வருடம் ஆனபிறகு வரைபடத்தை விரித்தால்தான் தெரியும்.

2010ஐ ஒட்டி வன நிறுவனத்துக்கும் இனாரி மேய்ப்பர் கூட்டுறவுகளுக்கும் உடன்படிக்கைகள் ஏற்பட்டன. சில காடுகளில் வெட்டுவதே இல்லை என்றும், சிலவற்றில் 20 வருடத்துக்கு இல்லை என்றும் பேச்சு. கூட்டிப் பாருங்கள், தவணை முடிய அதிக நாள் இல்லை. இதற்கிடையில் 2022இல் ரஷ்ய மரம் வருவது நின்றுபோனது. 2023இல் கெமியில் புதிய காகிதக் கூழ் ஆலை ஓடத் தொடங்கியது. அதற்கு வருடத்துக்கு 70 லட்சம் கன மீட்டருக்கு மேல் மரம் வேண்டும். கெமி உங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டர்தானே. இனாரி போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.